ஒரு சமக்குறி குறைந்தது

2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலில் இரண்டு வரிகள் புதிதாக முளைத்தன. ஒரு செயல்பாட்டை யாராவது விசித்திரமான தேர்வுகளோடு அழைத்தால், அழைத்தவர் யார் என்று பார்த்துவிட்டு, பிழை என்று திருப்பி அனுப்பும் வரிகள். மேலோட்டமாகப் பார்த்தால் பொறுப்பான காவலாளி. ஆனால் சி மொழியில் 'சமமா?' என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் 'சமமாக்கு' என்று பொருள். அந்த வரியில் ஒன்றுதான் இருந்தது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் சர்வ அதிகாரமும் கொண்ட பயனரின் எண் பூஜ்யம். ஆகவே அந்த வரி "உன் எண் பூஜ்யமா?" என்று கேட்கவில்லை. "இந்தா, இனி உன் எண் பூஜ்யம்" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தது.

நிரலைப் படித்துப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மாட்டிக்கொண்ட விதம் வேறு. அன்று கெர்னலின் அசல் பிரதி பிட்கீப்பர் என்ற மென்பொருளில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ் என்ற பழைய மென்பொருளில் ஒரு நகல் வைத்திருந்தார்கள். அசலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது, எதற்காக என்ற பதிவு உண்டு. நகலில் இருந்த இந்த மாற்றத்துக்கு அசலில் ஜோடி இல்லை. பிட்கீப்பரை உருவாக்கிய லேரி மெக்வாய் அதைக் கவனித்தார். சிட்டாவில் இல்லாத வரவு பேரேட்டில் மட்டும் எப்படி வந்தது என்று கணக்கப்பிள்ளை புருவம் உயர்த்துவாரே, அதே கேள்வி. தோண்டிப் பார்த்தபோதுதான் நகலைத் தாங்கிய சர்வருக்குள் யாரோ புகுந்திருப்பது தெரிந்தது.

நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் மாற்றங்களைப் பதியும் இந்தப் பேரேட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரி புராஜெக்ட்டில் நாங்கள் நாலு பேர் ஒரு பென்டிரைவை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போனோம். அதற்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்று மூன்று ஃபோல்டர்கள். எது ஓடும், எது ஓடாது என்பது வைவா நடந்த அன்று காலை வரை எங்களுக்கே தெரியாது.

இந்தத் தலைவலி கணினியுலகில் பழையது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை எழுதினார். ஒரு கோப்பின் எல்லாப் பழைய வடிவங்களையும் முழுசு முழுசாக வைத்துக்கொள்ளாமல், வித்தியாசங்களை மட்டும் சேமிப்பது அதன் உத்தி. பிறகு பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ்ஸை உருவாக்கினார். கடைசி வடிவத்தை முழுதாக வைத்துக்கொண்டு பழையவற்றைப் பின்னோக்கிய வித்தியாசங்களாகச் சேமித்தார். எல்லோருக்கும் அடிக்கடி வேண்டியது கடைசி வடிவம்தானே. ஆனால் இரண்டிலும் பூட்டு ஒன்று இருந்தது. நீங்கள் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அது உங்கள் பெயரில் பூட்டப்படும். வேறு யாரும் தொட முடியாது. பூட்டியவர் மூன்று நாள் லீவில் ஊருக்குப் போனால் அந்தக் கோப்பும் அவரோடு ஊருக்குப் போன மாதிரிதான்.

பூட்டை உடைத்தவர் டிக் க்ரூன் என்ற ஆம்ஸ்டர்டாம் விரிவுரையாளர். இரண்டு மாணவர்களோடு சேர்ந்து சி மொழிக்கு ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் ரகம். இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. க்ரூனுக்கோ மாலையில்தான் நேரம் கிடைக்கும். மூவரும் ஒரே சமயத்தில் ஒரே கோப்பில் கைவைக்கவும் வேண்டும், ஒருவர் வேலையை ஒருவர் அழிக்கவும் கூடாது. அப்படிப் பிறந்த கருவியை 1986இல் அவர் வெளியிட்டார். அதுதான் சிவிஎஸ்ஸின் மூதாதை. உலகம் முழுக்க இருபது ஆண்டுகள் கோலோச்சிய ஒரு யோசனைக்குக் காரணம், மூன்று பேரின் டைம்டேபிள் ஒத்துவராமல் போனது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இது.

மெக்வாயின் பிட்கீப்பருக்கு வருவோம். 2002 முதல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னல் வேலைக்கு அதைப் பயன்படுத்தினார். அது அப்போது வணிக மென்பொருள். கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு இலவசம் என்றாலும், போட்டிக் கருவி எதிலும் வேலை செய்யக் கூடாது என்று நிபந்தனை. கட்டற்ற உலகின் தலைமைப் புராஜெக்ட் ஒரு மூடிய பெட்டிக்குள் குடியிருப்பது பலருக்குக் கரித்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அந்தப் பெட்டியோடு பேசும் மாற்று நிரல் ஒன்றை எழுத முனைந்தார். மெக்வாய் இலவச அனுமதியை நிறுத்திவிட்டார். 2005 ஏப்ரலில் கான்பெராவில் நடந்த மாநாட்டில், தான் அப்படி என்ன மாயம் செய்துவிட்டேன் என்று ட்ரிட்ஜெல் மேடையிலேயே காட்டினார். பிட்கீப்பர் சர்வரோடு டெல்நெட்டில் இணைந்து, 'உதவி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். சர்வர் தன் கட்டளைகள் எல்லாவற்றையும் தானே பட்டியல் போட்டது.

கருவி கைவிட்டுப் போனதும், 2005 ஏப்ரல் 3ஆம் தேதி டோர்வால்ட்ஸ் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி அந்தக் கருவியின் நிரலே அந்தக் கருவிக்குள் சேமிக்கப்பட்டது. ஜூனில் கெர்னலின் 2.6.12 பதிப்பு அதிலிருந்து வெளிவந்தது. பெயர் கிட். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அது ஒரு வசவுச் சொல். என் படைப்புகளுக்கெல்லாம் என் பெயரைத்தான் வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று அவரே கேலி செய்துகொண்டார். ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கெர்னலுக்குத் திரும்பிவிட்டார். நாலு நாளில் கிட் உருவானது என்று பலர் சொல்வார்கள். நாலு நாளில் வந்தது அஸ்திவாரம். கட்டடம் கட்டியவர் ஹமானோ.

அந்த அஸ்திவாரம் அழகானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிட்டில் கோப்புகள் பெயரால் சேமிக்கப்படுவதில்லை, உள்ளடக்கத்தால் சேமிக்கப்படுகின்றன. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கு இயந்திரத்தில் போட்டு அரைத்தால் 160 பிட் நீளமுள்ள எண் ஒன்று வரும். எழுதினால் 40 எழுத்து. அதை ஹாஷ் என்கிறோம். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். அந்த ஹாஷ்தான் கோப்பின் முகவரி. ஒரே உள்ளடக்கம் நூறு ஃபோல்டரில் இருந்தாலும் முகவரி ஒன்றே, சேமிப்பதும் ஒரு முறையே. ஒன்றுமே எழுதாத வெற்றுக் கோப்புக்குச் சென்னையிலும் சிகாகோவிலும் ஒரே ஹாஷ்தான்.

ஒரு ஃபோல்டர் என்பது அதிலுள்ள கோப்புப் பெயர்களும் அவற்றின் ஹாஷ்களும் கொண்ட பட்டியல். அந்தப் பட்டியலையும் அரைத்தால் ஃபோல்டருக்கு ஒரு ஹாஷ். இப்படியே மேலே போனால் மொத்த புராஜெக்ட்டுக்கும் ஒரு ஹாஷ். அதோடு எழுதியவர் பெயர், நேரம், காரணம் சொல்லும் குறிப்பு, இதற்கு முந்தைய நிலையின் ஹாஷ் ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் அரைத்தால் கிடைப்பது கமிட். முந்தையதன் ஹாஷ் அடுத்ததற்குள் இருப்பதுதான் சூட்சுமம். ஐந்து வருடத்துக்கு முந்தைய கமிட் ஒன்றில் யாராவது ஒரு சமக்குறியை நைசாக நீக்கினால் அதன் ஹாஷ் மாறும், அதனால் அடுத்ததன் ஹாஷ் மாறும், அது நேற்று மாலை வரை சங்கிலியாக எல்லாவற்றையும் மாற்றும். 2003இல் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த முரண்பாடு, இங்கே கணக்கிலேயே வெடிக்கும். இதே உத்தியை ரால்ஃப் மெர்க்கிள் 1979இலேயே யோசித்திருந்தார். பிட்காயின் பின்னால் வந்து அதே உத்தியில் பெரும்பணம் பார்த்தது.

ஷா-1 ஏமாற்றவே முடியாததல்ல. கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையம் ஒன்றும் சேர்ந்து 2017இல் ஒரே ஷா-1 எண் கொண்ட இரு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டின. அதன்பின் அப்படிப்பட்ட மோசடியை முகர்ந்து கண்டுபிடிக்கும் சோதனை கிட்டில் சேர்ந்தது. 2020இல் 256 பிட் ஹாஷும் ஒரு தெரிவாக வந்தது.

கிளை, அதாவது பிராஞ்ச் என்பது என்ன? புதிதாகப் பழகுபவர்கள் அதை இன்னொரு முழுப் பிரதி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அது ஒரு கமிட்டின் ஹாஷை எழுதிவைத்த துண்டுச் சீட்டு. 40 எழுத்து, ஒரு வரிமுறிப்பு, மொத்தம் 41 பைட். ஒரு யோசனை தோன்றினால் ஒரு கிளை, சரிவராவிட்டால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். சிவிஎஸ்ஸில் கிளை பிரித்துச் சேர்ப்பதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியிருந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

பிரிப்பது சுலபம், சேர்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் டிஃப் என்ற கருவி யூனிக்ஸில் பிறந்தது. அதன் வழிமுறையை ஹன்ட்டும் மெக்கில்ராயும் 1976இல் எழுதினார்கள். இரண்டிலும் அதே வரிசையில் வரும் வரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடி, மீதியெல்லாம் வித்தியாசம். டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிடும் உயிரியலாளர்களுக்கும் இது நெருங்கிய சொந்தக்காரக் கணக்கு.

ஆனால் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் போதாது. சுவடி பதிப்பித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு ஏடுகளில் ஒரு சொல் வேறுவேறாக இருக்கிறது. எது பாடம், எது பாடபேதம்? இரண்டையும் முறைத்துப் பார்த்தால் விடை வராது. அவை இரண்டும் எதைப் பார்த்து எழுதப்பட்டனவோ அந்தத் தாய் ஏடு கிடைத்தால் நொடியில் தெரிந்துவிடும். பதிப்பாசிரியருக்குத் தாய் ஏடு அநேகமாகக் கிடைப்பதில்லை. கிட்டிடம் அது எப்போதும் இருக்கிறது. சங்கிலியில் பின்னோக்கி நடந்து, இரு கிளைகளும் பிரிந்த கமிட்டைக் கண்டுபிடிக்கும். தாயில் இருந்த வரியை நான் மாற்றியிருக்கிறேன், நீங்கள் தொடவில்லை என்றால் என் மாற்றம் செல்லும். நீங்கள் மாற்றியிருந்து நான் தொடாவிட்டால் உங்களுடையது செல்லும். இருவரும் ஒரே வரியை வேறுவேறாக மாற்றியிருந்தால் கிட் கைவிரித்துவிடும். இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஏழேழு குறிகளால் வேலி கட்டி, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்ளும். இதுதான் எல்லோரும் நடுங்கும் கான்ஃப்ளிக்ட்.

நடுங்க வேண்டியது அதைப் பார்த்தல்ல என்பது என் கட்சி. ஒரு கூரியர் நிறுவனத்துக்குக் கட்டணம் கணக்கிடும் நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை கிலோவில் இருக்கிறது. கீதா அதைக் கிராமுக்கு மாற்றுகிறாள். அதைப் பயன்படுத்தும் இடமெல்லாம் தேடித்தேடித் திருத்துகிறாள். அதே நாளில் ரஹீம் வேறொரு கோப்பில் ஒரு வரி சேர்க்கிறான்: எடை 20க்கு மேல் போனால் கனரகக் கட்டணம். அவன் மனதில் 20 என்பது கிலோ. இரு கிளைகளும் ஒரு சத்தமும் இல்லாமல் சேர்கின்றன. எந்த வரியும் எந்த வரியோடும் மோதவில்லை. மறுநாள் 50 கிராம் கல்யாணப் பத்திரிகைக்குக் கட்டில் அனுப்பும் கட்டணம் விழுகிறது. கிட்டுக்கு வரிகள் தெரியும், கிலோ தெரியாது. கான்ஃப்ளிக்ட் வந்திருந்தால் இருவரும் பேசியிருப்பார்கள். அது வராததால்தான் ஆபத்து. சோதனை நிரல்களும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் ரிவ்யூவும் இந்த ஓட்டையை அடைக்க வந்தவையே. 2008இல் தொடங்கிய கிட்ஹப் என்ற இணையதளம் இந்தப் பேச்சை ஒவ்வொரு வரியின் பக்கத்திலேயே நடத்த இடம் போட்டுக் கொடுத்தது. முன்பின் தெரியாதவர்கள்கூடத் திருத்தம் அனுப்பலாம், விவாதிக்கலாம் என்றானது. பத்தே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் வேலையில் சேர்ந்து ஆறேழு வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் வேலையைச் சர்வருக்கு அனுப்பப் பார்த்தேன், கிட் மறுத்தது. உன்னிடம் இல்லாத கமிட்டுகள் அங்கே இருக்கின்றன, முதலில் அவற்றை எடுத்துக்கொள் என்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வற்புறுத்தி அனுப்பும் வழி ஒன்று உண்டு என்று எங்கோ பார்த்த ஞாபகம். ஃபோர்ஸ் என்று போட்டேன், போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரரின் இரண்டு நாள் வேலையும் சர்வரிலிருந்து போய்விட்டது.

"யாரும் புல் பண்ணாதீங்க!" என்று டீம் லீட் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. புல் என்றால் சர்வரில் இருப்பதைத் தன் கணினிக்கு இழுத்துக்கொள்வது. எனக்குக் கைகால் ஓடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் நிதானமாகத் தன் லேப்டாப்பைத் திறந்தார்.

"பயப்படாதே தம்பி, என்கிட்ட எல்லாம் இருக்கு" என்று ஒரு கட்டளை தட்டினார். இரண்டு நாள் வேலையும் திரும்பி வந்தது.

அவர் செய்தது வித்தையல்ல. கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் இருப்பது முழு வரலாறு. சர்வரில் இருப்பது எல்லோரும் சந்திக்கச் சம்மதித்த ஒரு பிரதி, அவ்வளவே. சர்வர் எரிந்து போனாலும் யாரிடமாவது புராஜெக்ட் பிழைத்திருக்கும். இன்னொன்றையும் அவர் அன்று காட்டினார். கிளைச் சீட்டுகள் எங்கெங்கே நகர்ந்தன என்று கிட் தனியாக ஒரு டைரி எழுதுகிறது, பெயர் ரெஃப்லாக். கிளையை அழித்துவிட்டாலும், எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளுக்கான குறிப்பு வழக்கமான அமைப்பில் 30 நாள் அதில் இருக்கும். கமிட் செய்த எதையும் கிட்டில் தொலைப்பது கடினம். கமிட் செய்யாததைத் தொலைக்க ஒரு நொடி போதும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சின்னச் சின்னதாக, அடிக்கடி கமிட் செய்யுங்கள்.

அப்படிச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. போன மாதம் சரியாக ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட்டுகள். எது கெடுத்தது? நடுக் கமிட்டுக்குப் போய் ஓட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குற்றவாளி பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். பிறகு அந்தப் பாதியில் பாதி. ஆயிரம் கமிட்டுக்குப் பத்து சோதனை, பத்து லட்சத்துக்கு இருபது. பைசெக்ட் என்ற கட்டளை இதைத் தானே நடத்தும். குற்றவாளிக் கமிட் ஐந்து வரி என்றால் காரணம் உடனே பிடிபடும். ஐயாயிரம் வரியைக் கொட்டிய கமிட் என்றால் அன்று இரவு தூக்கம் போச்சு.

கமிட்டோடு எழுதும் குறிப்புக்கும் இது பொருந்தும். 'சரி செய்தேன்' என்று நான் எழுதிவைத்த குறிப்புகளை இரண்டு வருடம் கழித்து நானே திட்டியிருக்கிறேன். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். ஏன் மாறியது என்பது எழுதியவர் தலைக்குள் மட்டும் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் கிளம்பிவிடும். கெர்னல் குழுவில் நான்கு வரித் திருத்தத்துக்கு நாற்பது வரி விளக்கம் எழுதுவது சாதாரணம். 2003இல் எஸ்சிஓ என்ற நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் திருடிச் சேர்க்கப்பட்டதாக வழக்குக்குப் போனது. மறு ஆண்டு முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதிசொல்லும் ஒப்பவரி வந்தது. நிரல் கைமாறிய பாதையில் இருந்தவர்களின் பெயர்கள் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

அந்தப் பெயர்கள் உண்மைதானா? இங்கேதான் கிட்டின் கணக்கு நின்றுவிடுகிறது. அமைப்பில் நான் என் பெயரை டோர்வால்ட்ஸ் என்று எழுதிக்கொண்டால், கிட் மறுபேச்சின்றி அந்தப் பெயரில் கமிட் போடும். ஹாஷ் காப்பது என்ன எழுதப்பட்டது என்பதை, யார் எழுதினார் என்பதை அல்ல. அதற்கு டிஜிட்டல் கையொப்பம் தனியாக வேண்டும். கையொப்பமும்கூட, போட்டவர் நல்லவரா என்று சொல்லாது.

2024 மார்ச் மாதம், ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வருவதற்கு வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். காரணம் தேடிப் போனவர், எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளுக்குள் ஒளித்து வைத்திருந்த பின்வாசலில் போய் நின்றார். வைத்தவர் திருடனைப் போல வேலி தாண்டி வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உருப்படியான திருத்தங்கள் அனுப்பி, பெயர் வாங்கி, பராமரிப்பாளர் பொறுப்புக்கே உயர்ந்தவர். நஞ்சின் ஒரு பகுதியைச் சோதனைக் கோப்பு என்ற வேடத்தில் கிட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அதை உயிர்ப்பிக்கும் வரியை மட்டும் கிட்டில் போடாமல், வெளியீட்டுக்காகத் தனியே கட்டிய தொகுப்பில் சேர்த்திருந்தார். பேரேட்டை எத்தனை பேர் புரட்டினாலும் அந்த வரி கண்ணில் படாது.

அவர் பயன்படுத்திய பெயர் எல்லாக் கமிட்டுகளிலும் இன்றும் இருக்கிறது. அது யாருடைய பெயர் என்று தெரியவில்லை. 2003இல் அந்த ஒற்றைச் சமக்குறியைப் போட்டது யார் என்பதும் இதுவரை தெரியாது.